என் பெரட்டில் நின்ற பதினேழு பேர்

புக்கிட் காபுட் தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை.
1952 நவம்பர் 24.

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

பாசத்திலும் மரியாதையிலும் குறைவைக்காத மச்சான் கிரகரி அவர்களுக்கு, தங்கள் தங்கை பார்பராவின் புருஷன், தோட்டத்துச் சின்னக் கிராணி அல்போன்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். ஈப்போவில் நீங்களும் அக்காவும், உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் என் மகள் டோரீனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். போன கடிதம் வரைக்கும் 'சுகமா இல்லையா, உடனே தந்தி அடிக்கவும்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்களும் பொறுமையாக மூன்று தந்தி அடித்தீர்கள். நான்காவது தந்தியில் 'சுகம் சுகம் சுகம் போதுமா' என்று இருந்தது. மூன்று சுகம்தானே இருக்கிறது, வீட்டில் நீங்கள் நான்கு பேராயிற்றே, பையனுக்கு என்ன ஆயிற்றோ என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அந்த அல்போன்ஸ் இப்போது இல்லை. பயப்படாதீர்கள், சாகவில்லை. குணமாகிவிட்டான்.

கடைசிக் கடிதத்தில் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். நெஞ்சுக்கு ஈப்போ வந்து பெரிய டாக்டரிடம் எப்போது காட்டப் போகிறேன் என்பது ஒன்று. இந்தக் கிறிஸ்மஸுக்காவது டோரீனை மலைக்கு அனுப்பலாமா, அல்லது போன இரண்டு வருஷத்தைப் போல் பிள்ளை உங்கள் வீட்டிலேயே அழுதுகொண்டு கேக் சாப்பிட வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இப்போதே பதில்: டாக்டர் வேண்டாம், நெஞ்சு நன்றாக இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நேரே அங்கே போய்ப் படித்துவிடாதீர்கள். நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

என் வியாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். சர்க்கார் அவசரகாலம் என்று அறிவித்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே அவசரமாகிவிட்டது. தப்பா ரோட்டில் காட்டுக் கம்யூனிஸ்டுகள் லோரியைச் சுட்டார்கள் என்று கேள்விப்பட்டால் இங்கே நான் கதவைத் தாழிடுவேன். தொழிலாளர் லைன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள், இனிப் பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியாகப் படுத்தார்கள். வேலி போடுகிற அளவுக்கா நிலைமை கெட்டுவிட்டது என்று நான் எழுந்து உட்கார்ந்தேன். அடையாளக் கார்டு கொடுத்தார்கள், அது தொலைந்துவிடுமே என்று பயந்தேன். தொலையாமல் இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சட்டைப்பையைத் தடவித் தடவி, பை கிழிந்து, கார்டு உண்மையாகவே விழுந்துவிட்டது. கொழுந்தெடுக்கப் போன மணியம்மா தேயிலைச் செடிக்குள் கண்டெடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் தோட்டம் முழுக்க அதுதான் பேச்சு.

பிறகு நெஞ்சு ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, செக்ரோல் புத்தகத்தில் வந்தவர்களுக்குக் கோடு போட்டு, வேலைக்குப் பிரித்து அனுப்புவது என் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். செப்டம்பரில் ஒரு நாள் 'அம்மாக்கண்ணு' என்று கூப்பிட வாயைத் திறந்தேன், 'அம்மா' மட்டும்தான் வந்தது. நெஞ்சு திம் திம் என்று அடிக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது, மூச்சு உள்ளே போகிறது ஆனால் போதவில்லை, இந்த நிமிஷமே விழுந்து சாகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிகிறது. சாகவில்லை. மறுநாளும் அப்படித்தான், சாகவில்லை. அந்த மாதத்தில் மட்டும் பதினோரு முறை தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பன்னிரண்டாவது முறை, அங்கே மருந்து கொடுக்கிற பழனியப்பன் டிரெசர் கதவைச் சாத்திவிட்டு என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

“கிராணியாரே, ஒங்க நெஞ்சப் பதினோரு தடவ கேட்டுட்டேன். நல்ல நெஞ்சு. பயந்துபோய் இருக்கு, அவ்ளோதான்.”

“வெறும் பயத்துக்கா இந்த அடி அடிக்குது?”

“வேலியில தகர டின்னு கட்டித் தொங்க விட்டிருக்கோம்ல. ஆளு வந்து கம்பியத் தொட்டாலும் சத்தம் போடும். கொரங்கு வந்து ஆட்டினாலும் அதே சத்தம்தான் போடும். ஆளு எது கொரங்கு எதுன்னு டின்னுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஒங்க நெஞ்சும் அந்த டின்னு மாதிரிதான் லா. சத்தம் கேட்டா போய் எட்டிப் பாக்கணும். நீங்க பாக்கிறதே இல்ல. சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில பூந்துக்கிறீங்க.”

கட்டில் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் தங்கைக்கு வாய் சும்மா இருக்காது. டிரெசர் எனக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். நாற்பத்தாறு வயதில் ஒருத்தன் இன்னொருத்தனிடம் மூச்சு விடப் படிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். நாலு எண்ணி இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும், இப்படிப் பத்து மூச்சு.

“படபடன்னு வந்தா ஓடாதீங்க. ஒக்காந்து பத்து மூச்சு விடுங்க. ஏறினது எறங்கும், எறங்காம யாருக்கும் நின்னதில்ல. அப்புறம் இன்னொண்ணு. காலைல ஆளுங்கள நிக்க வெச்சுப் பேரு கூப்பிடுறீங்கள்ல, அதே மாதிரி ஒங்க பயத்தையெல்லாம் பெரட்டுல நிக்க வெச்சுப் பேரு வைங்க. இன்னிக்கி வேலை இருக்கிறவன வேலைக்கு அனுப்புங்க. வேலை இல்லாதவன, இன்னிக்கி ஒனக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போன்னு சொல்லிடுங்க. நாள் முழுக்கக் களத்துல நிக்க விடாதீங்க.”

மச்சான், டிரெசர் சொன்னது ஒரு துண்டுக் காகிதத்தில் 'கார்டு தொலையுமோ என்று பயம்' என்கிற மாதிரி நாலு வரி கிறுக்கினால் போதும் என்கிற அர்த்தத்தில். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் செக்ரோல் எழுதிய கைக்குப் 'பேரு வைங்க' என்றால் ஒரே அர்த்தம்தான். ஆபீசில் வேண்டாமென்று போட்டிருந்த பழைய அச்சடித்த செக்ரோல் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வரிசை எண், பேர், வந்த நேரம், வந்த இடம், கொடுத்தது, குறிப்பு என்று பத்தி பிரித்தேன். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு மனுஷப் பேர் வைத்தேன். தோட்டத்து ஆள் யாருடைய பேரும் வந்து அவர்கள் மனம் நோகக்கூடாது என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து யோசித்து வைத்த பேர்கள். அடையாளக் கார்டு தொலைகிற பயம் 'கார்டு கதிரேசன்'. பாலத்துக்கு அடியில் குண்டு வைப்பார்களோ என்கிற பயம் 'பாலத்தடி பக்கிரி'. மூச்சு நின்றுவிடும் என்கிற பயம் 'மூச்சுமுட்டி முத்தன்'. தப்பா ரோட்டு வளைவில் மறைந்திருந்து சுடுவார்கள் என்கிற பயம் 'வளைவு வீரன்'. டோரீனுக்கு வழியில் ஏதாவது ஆகிவிடும் என்கிற பயத்துக்கு மட்டும் வேடிக்கைப் பேர் வைக்க மனம் வரவில்லை, 'பிள்ளைக்காரன்' என்று எழுதினேன். எண்ணிப் பார்த்தால் மொத்தம் பதினேழு பேர்.

தினமும் தோட்டத்துப் பெரட்டு முடிந்ததும் என் பெரட்டு நடக்கும். 'பாலத்தடி பக்கிரி, காலை 6.10, வாசல்படியில். சுக்குத் தண்ணீர் குடித்துப் பத்து மூச்சு. போய்விட்டான்.' 'கார்டு கதிரேசன், எட்டு முறை வந்தான். பையைத் தடவிக் காட்டினேன். திரும்பிவிட்டான்.' 'வளைவு வீரன், வேலை இல்லை என்றேன், போக மறுக்கிறான்.' உங்கள் தங்கை இதை எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கென்ன, கல். வேலி டின் ஆடினால் புரண்டு படுப்பவள் அவள். ஆனால் நான் விடவில்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை வந்துகொண்டிருந்த கதிரேசன் மூன்று வாரத்தில் இரண்டு முறை மட்டும் வருகிறவனாகிவிட்டான். மூச்சுமுட்டி முத்தன் நாலு நாள் சேர்ந்தாற்போல் ஆப்சென்ட். எனக்கே நம்பிக்கை வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் போன செவ்வாய்க்கிழமை வந்தது.

அன்று காலை டிரெசருக்கு மருந்துப் பெட்டி எடுத்து வரத் தோட்டத்து லோரியில் டவுனுக்குக் கிளம்பினேன். வழியில் செக்போஸ்ட். காட்டில் இருக்கிறவர்களுக்கு யாரும் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்று எல்லோரையும் சோதனை போடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு மலாய்க்காரக் கான்ஸ்டபிள் என் பையில் அரிசி தேடினார். அரிசி இல்லை, செக்ரோல் புத்தகம் இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மணியும் எண்ணும் எந்த மொழியிலும் படிக்கலாமே. காலை 6.10, 9.30, 11.00 என்று வரிசையாக இருப்பதைப் பார்த்தார்.

“இது என்ன?” என்று மலாயில் கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியவன் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் உண்மையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “தூஜோ பெலாஸ் ஓராங்” என்றேன். பதினேழு பேர் என்று அர்த்தம். நம் தமிழில் பேர் என்றால் பெயரும்தான் ஆளும்தான். மலாயில் ஓராங் என்றால் ஆள் மட்டும்தான். அடுத்த அரை மணி நேரத்தில் நான் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு பக்கமும் துப்பாக்கி.

இன்ஸ்பெக்டரும் மலாய்க்காரர்தான். தூங்கிப் பல நாளான கண். தமிழ் மொழிபெயர்ப்பாளர் லீவில் போயிருந்தாராம், எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நசுருதீன் நானாவைக் கூட்டி வந்தார்கள். நானா மைதா மாவு ஒட்டிய கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்து, கடுமையான குரலில் ஒவ்வொரு வரியாக மலாயில் சொல்ல ஆரம்பித்தார். மச்சான், நான் எழுதியதை இன்னொருத்தர் வாயால் கேட்டபோதுதான் எனக்கே விளங்கியது. காலையில் வாசல்படிக்கு வருகிறான், சுக்குத் தண்ணீர் கொடுக்கிறேன், போய்விடுகிறான். பாலத்தடியில் ஒருத்தன். தப்பா ரோட்டு வளைவில் ஒருத்தன், வேலை இல்லை என்றாலும் போக மறுக்கிறான். கிளாஸ் கிளாஸாகச் சுக்குத் தண்ணீர் கொடுத்துப் பதினேழு பயங்கரவாதிகளை நான் வளர்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இதற்கு என்ன தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று கயிறு. இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். தப்பாவைத் தாண்டி எதையும் சரியாகப் பார்த்திராத நான் அந்த ஊரில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது.

அப்போது நெஞ்சு அடித்தது பாருங்கள், செப்டம்பர் அடியெல்லாம் ஒன்றுமில்லை. வேலி முழுக்க டின் ஆடியது. ஓட இடமும் இல்லை, கட்டிலும் இல்லை. சரி, எட்டியாவது பார்ப்போம் என்று பார்த்தேன். இந்த முறை குரங்கு இல்லை, நிஜமாகவே ஆள், அதுவும் துப்பாக்கியோடு. அப்படியும் வேறு என்ன செய்ய, நாலு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன். ஏழாவது மூச்சில் அது மெல்ல இறங்கியது. டிரெசர் சொன்ன மாதிரியே இறங்கியது. வாய் வேலை செய்ய ஆரம்பித்தது.

“இந்தக் கதிரேசன் எங்கே இருக்கிறான்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இங்கேதான் துவான்” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

கான்ஸ்டபிள் உடனே என் சட்டைக்குள் கையை விட்டுத் தேடினார். அரைஞாண் கயிறும் கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியமும்தான் கிடைத்தன.

இதற்குள் நானா பன்னிரண்டாம் நம்பருக்கு வந்திருந்தார். 'பிள்ளைக்காரன். மகள் லோரியில் வருகிற மாதிரி நினைத்தாலே வந்துவிடுகிறான். எத்தனை மூச்சு விட்டாலும் போவதில்லை. இவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை.' நானா அதை மலாயில் சொல்லவில்லை. மனதுக்குள் இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கிராணியாரே, இது ஆளு இல்லதானே?”

“இல்ல நானா. பயம்.”

“இதயா இவ்ளோ சுத்தமா கோடு போட்டு எழுதி வெச்சிருக்கீங்க? என் மவ ரம்லா பினாங்குல மாமியா ஊட்ல இருக்கா. இந்தப் பன்னெண்டாம் நம்பர்காரன் எங்கடையிலயும் தெனம் வந்து ஒக்காந்துக்கிறான். நான் பேரு வெக்கலயே ஒழிய, வர்றான்.”

அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி நீளமாக மலாயில் பேசினார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. தோட்டத்துக்கு டெலிபோன் போட்டார். தோட்டத்து மேனேஜர் துரை எடுத்து டிரெசரிடம் கொடுத்திருக்கிறார். டிரெசர் அந்தப் பக்கத்தில் சிரிக்கிற சத்தம் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு வரைக்கும் கேட்டது. டெலிபோனை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் சும்மா புரட்டினார். பிறகு கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரையும் தேநீர் வாங்கி வர அனுப்பினார். ஒரு தேநீருக்கு இரண்டு பேர் எதற்கு என்று அவர்களும் யோசித்தபடிதான் போனார்கள். கதவு சாத்தியதும் நானாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

“அந்த வளைவுல நிக்கிறவன், அவனுக்கு டிரெசர் என்ன மருந்து சொன்னாருன்னு இன்ஸ்பெக்டர் துவான் கேக்குறாரு. வாரத்துல மூணு நாள் அந்த ரோட்டுல ஜீப்புல போறாராம்” என்றார் நானா.

நான் சொல்லிக்கொடுத்தேன். கான்ஸ்டபிள்கள் தேநீரோடு திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டரும் நானாவும் கைதியும் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி, ஒன்று போல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். ஆறாவது மூச்சு. பத்து முடிகிற வரைக்கும் அவர்கள் கிளாஸைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்கள். புத்தகத்தைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் அடுத்த செக்போஸ்டில் மறுபடி மாட்டிக்கொள்வேன் என்று ஒவ்வொரு பக்கத்திலும் 'பரிசோதிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இந்த மலையில் சர்க்கார் முத்திரையோடு கவலைப்படுகிறவன் நான் ஒருத்தன்தான்.

ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். லைன் முழுக்க வாசலில் நின்று பார்க்கிறது. உங்கள் தங்கை என்ன கேட்டாள் தெரியுமா? “இவ்ளோ நேரம் எங்க ஊரு சுத்துனீங்க, சோறு ஆறிப்போச்சு” என்றாள். அப்படிப்பட்ட மனம் சர்வேசுரன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. நான் அந்த ஆறின சோற்றைச் சாப்பிட்டேன். மச்சான், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் சோற்றுக்கு ருசி இருந்தது. நாலு வருஷமாக எது நடந்துவிடுமோ என்று பயந்தேனோ அது நடந்தே விட்டது. போலீஸ் பிடித்தது, துப்பாக்கியைப் பார்த்தேன், மனசுக்குள் கப்பல் வரைக்கும் போய்விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். கை கழுவும்போது அழுதேன். பயத்தில் இல்லை, விட்டதே என்கிற சந்தோஷத்தில்.

மறுநாள் பெரட்டில் பன்னிரண்டாம் நம்பரை நிறுத்தி நேராகப் பார்த்தேன். இந்தப் பிள்ளைக்காரனுக்கு இரண்டு வருஷமாக நான் கொடுத்த வேலை, மகளை வரவிடாமல் தடுப்பது. அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு வேறு வேலை கொடுத்திருக்கிறேன். காவலோடு வருகிற கான்வாய் எந்தக் கிழமை, முன்னாலும் பின்னாலும் எத்தனை கவச வண்டி, லோரியில் எந்த இடத்தில் உட்காருவது நல்லது என்றெல்லாம் விசாரித்து எழுதுகிற வேலை. விசாரித்தாயிற்று. இதோ பதில்: அனுப்புங்கள். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமைக் கான்வாயில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வரட்டும். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, அது தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். ஸ்வெட்டர் இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள், இங்கே குளிர் அதிகம்.

அக்காவுக்கு என் வணக்கம். பையனுக்கு முத்தம். தந்தி அடித்து அடித்து உங்கள் கை வலித்ததற்கு என்னை மன்னிக்கவும். மாதாவின் அடைக்கலம் உங்கள் வீட்டிலும், வருகிற அந்த லோரியிலும் இருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பயம் தெளிந்த மைத்துனன்,
அல்போன்ஸ்.

பி.கு.: அண்ணே, இது பார்பரா. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அந்தப் பதினேழு பேரில் ஆறு பேர் அவருடைய ஆட்களே இல்லை. என் ஆட்கள். தினமும் விளக்கேற்றினதும் 'ஏங்க, அந்தப் பாலம் கெட்டியாத்தானே இருக்கு' என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பேன். அதற்கப்புறம் அவர் விழித்திருப்பார், நான் தூங்குவேன். டோரீனை அனுப்ப வேண்டாம் என்று இரண்டு வருஷமாக அவர் எழுதினதும் அப்படித்தான். சொன்னது அவர், சொல்ல வைத்தது நான். நாலு நாளைக்கு முன்னாலும் வழக்கம்போல் கேட்டேன். 'அவனுக்கு வேலை இல்லன்னு சொல்லு' என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டுவிட்டார். இப்போது ஆறு பேரும் என்னிடமே திரும்பி வந்துவிட்டார்கள், நாலு நாளாக எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு அவர் சொன்ன மாதிரி பத்து மூச்சு விட்டுப் பார்த்தேன். எனக்குப் பதினெட்டு வேண்டியிருந்தது. அனுப்புங்கள் அண்ணே. அவளைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. அவள் பெட்டியில் கோடு போட்ட நோட்டு ஒன்றும் வைத்தனுப்புங்கள், கனமான நோட்டாக, எனக்கு.